லீமா, கொசோங், துவா

அந்தப் பிள்ளை டோனட் கடைக்குள் வந்தபோது அவள் கால்களில் யாரோ பெரியவருடைய பனிச் சப்பாத்துகள் இருந்தன. அவை அவளுக்குத் தொடை வரை ஏறியிருந்தன. உடம்பில் இரவு உடுப்பும் அதற்கு மேல் மெல்லிய கம்பளிச் சட்டையும். கோட் இல்லை, தொப்பி இல்லை. கண்ணாடிக் கதவை முழுதாகத் தள்ள அவளுக்குப் பலம் போதவில்லை. கொஞ்சம் திறந்து, அந்த இடைவெளியால் நுழைந்து வந்து, பனி உதிர நின்றாள். அவளுக்குப் பின்னால் யாராவது வருவார்கள் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசித் தை மாதம் அது. ரொறன்ரோவில் நாட்கணக்காகப் பனி கொட்டியிருந்தது. பஸ்கள் ஒழுங்காக ஓடவில்லை, பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன. மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த என் கணவர், கார் பனிக்குள் புதைந்துபோனதால் மகளோடு வீட்டில் நின்றார். நான் நடந்தே வேலைக்கு வந்திருந்தேன். ஸ்காபரோவில், மூன்று உயர்ந்த அடுக்குமாடிகளுக்கு முன்னால் இருந்த சின்னப் பிளாசாவில் எங்கள் கடை. அன்று காலை வந்து சேர்ந்தவர்கள் நானும் என்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்ணும் மட்டும்தான். அவளைத் தோழி என்றே எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஆங்கிலம். அதை இங்கே என் தமிழிலேயே தருகிறேன்.

தோழி ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். கவுன்டரில் இருத்திச் சப்பாத்தைக் கழற்றினாள். உள்ளே காலுறை இல்லை. பாதங்கள் சிவந்து, விரல் நுனிகள் வெளுத்திருந்தன. தோழி தன் உள்ளங்கைகளுக்குள் அவற்றைப் பொத்திப் பிடித்தாள். நான் சூடான சொக்கலேட் ஊற்றிக்கொண்டு வந்து, அவள் சட்டையில் ஒட்டியிருந்த பனியைத் துவாயால் துடைத்தேன். துவாய் சிவப்பாயிற்று.

வலது கை முழங்கை வரை இரத்தம். பாதி காய்ந்தும் பாதி பனியில் கரைந்தும் இருந்தது. சட்டையை மடித்துப் பார்த்தோம். தலைமயிரை விலக்கிப் பார்த்தோம். எங்கேயும் காயம் இல்லை.

"இது இவளின்ர இரத்தம் இல்லை," என்றாள் தோழி.

பிள்ளை என் ஏப்ரனைப் பிடித்து இழுத்து, "மாமா, மாமா" என்றாள். ஒரு கணம் எங்கள் பிள்ளைதானோ என்று நினைத்துவிட்டேன். "மாமா எங்க, குஞ்சு? மாமாவோடயோ வந்தனீங்கள்?" என்று கேட்டேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இன்னும் பலமாக இழுத்தாள். அதற்குப் பிறகுதான் அது அம்மாவைக் கூப்பிடுகிற சொல் என்று எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் கேட்டோம். அரபுக்காரர்களும் சோமாலிக்காரர்களும் எங்கள் கடைக்கு வருவார்கள். அவர்களிடம் பொறுக்கிய வணக்கச் சொற்களையும் சொல்லிப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் அவள் ஏப்ரனையே இழுத்தாள்.

அவசர இலக்கத்தை அழைத்தேன். மறுமுனையில் இருந்த பெண், "முகவரி என்ன?" என்றாள். கடை முகவரியைச் சொன்னேன். "இரத்தம் எங்கே? காயப்பட்டவர் எங்கே?" என்றாள். தெரியாது என்றேன். தெரியாது, தெரியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது இப்போதும் எனக்குக் கேட்கிறது. பொலிஸ் கார் ஒன்றை அனுப்புவதாகவும், வீதிகள் இருக்கும் நிலையில் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

தோழி பிள்ளைக்கு முன்னால் குந்தினாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, வயது என்ன என்று சைகையால் கேட்டாள். பிள்ளை யோசித்துவிட்டு, ஒரு கையின் விரல்களை எல்லாம் விரித்து நீட்டினாள்.

"லீமா," என்றாள்.

தோழி துள்ளி எழுந்தாள். "கேட்டனியோ? லீமா! எங்கட அஞ்சு அது! இவள் எங்கட பிள்ளை!"

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. பிள்ளையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் படபடவென்று பேசத் தொடங்கினாள். அதில் கேள்வியும் கொஞ்சலும் இருந்தன. பிள்ளை அவளுடைய வாயையே பார்த்தாள். தோழி வேறொரு விதமாகப் பேசினாள். அது அவளுடைய ஊர்ப் பேச்சு என்று பிறகு சொன்னாள். அவள் வடக்கு மலைப் பக்கத்தவள். வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் இன்னொரு மொழி. பிள்ளை அதற்கும் விழித்தாள்.

"பயத்தில வாய் அடைச்சுப்போச்சு," என்றாள் தோழி. "எங்கட நாட்டில தீவுக்கொரு பேச்சு. இவள் எந்தத் தீவோ. நடுக்கட்டடத்தில எங்கட குடும்பம் ஒண்டு இருக்கு. இந்த வயதில ஒரு பெம்பிளைப்பிள்ளையும் இருக்கு. சேர்ச்சில கண்டிருக்கிறன்."

"அந்தப் பிள்ளைதானோ?"

"முகம் வடிவா நினைவில்லை. ஆனா அதுகளாத்தான் இருக்கும்."

தொலைபேசியில் அந்தக் குடும்பத்தை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்காததே அவளுக்குச் சாட்சியாகப் போயிற்று. கோட்டை மாட்டிக்கொண்டு, நான் ஒன்றும் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். இடுப்பளவு பனிக்குள் அவள் விழுந்தெழும்பிப் போவதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அடுப்பில் இருந்த கோப்பி கருகி மணத்தது. பிள்ளை சொக்கலேட்டைத் தொடவில்லை. கவுன்டரிலிருந்து இறங்கி வெறுங்காலோடு யன்னலடிக்குப் போனாள். கட்டடங்களைக் காட்டி, "லீமா, கொசோங், துவா," என்றாள். என்னைப் பார்த்தாள். நான் விளங்காமல் நிற்பதைக் கண்டு இன்னும் ஒருதரம் சொன்னாள், எழுத்தெழுத்தாக, வாத்தியாருக்கு ஒப்புவிப்பதுபோல. "லீமா. கொசோங். துவா."

மூன்று கட்டடங்களும் ஒரே நிறம், ஒரே உயரம். முகப்பில் இருந்த இலக்கங்களைப் பனி மூடியிருந்தது. எந்த வாசலால் வந்தாய் என்று கையால் கேட்டேன். அவள் முதலில் ஒன்றைக் காட்டினாள், பிறகு வேறொன்றைக் காட்டினாள், பிறகு அழத் தொடங்கினாள். அவள் வந்த சின்னச் சுவடுகளையும் காற்று மூடிவிட்டிருந்தது.

தோழி திரும்பி வந்தபோது இமைகளில் பனி உறைந்திருந்தது. "அதுகள் இல்லை," என்றாள். மூச்சு வாங்கியது. "தொலைபேசி பழுதாம். எல்லாரும் இருந்து சாப்பிடுகினம். பிள்ளையும் இருக்கு."

நான் பிள்ளை சொன்னதைச் சொன்னேன். தோழி முகத்தைச் சுளித்தாள்.

"துவாவோ? அது மணிலாச் சொல் இல்லை. மணிலாவில ரெண்டுக்கு 'தலவா' எண்டுதான் சொல்லுவினம். 'துவா' எங்கட அம்மாவின்ர பேச்சு. எங்கட ஊரில ரெண்டு துவாதான்."

"அப்ப அஞ்சும் ரெண்டும். நடுவில உள்ளது?"

"கொசோங்... அப்படி ஒரு சொல் எங்கேயும் இல்லை."

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதமே நான் அவளுக்குப் பாடமாக்கிக் கொடுத்தது எங்கள் வீட்டு இலக்கம். எங்கேயாவது தவறிப்போனால் யாரிடமாவது சொல்லு என்று. மொழி தெரியாத ஊரில் இருக்கிற எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்.

"வீட்டு இலக்கம்," என்றேன். "தாய் சொல்லிக் குடுத்திருக்கிறா. அஞ்சாம் மாடி. கடைசி இலக்கம் ரெண்டு."

தோழி உருண்டை டோனட்டுகளை ஒரு தட்டில் கொட்டிப் பிள்ளைக்கு முன்னால் வைத்து, ஒன்றைத் தள்ளினாள். பிள்ளைக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். சாத்து, துவா, தீகா, எம்பாட், லீமா. தோழியும் கூடவே தன் எண்களைச் சொன்னாள். சில இடங்களில் இருவர் குரலும் ஒன்றாகச் சேர்ந்தன, சில இடங்களில் பிரிந்தன. பத்து வரை போய் முடிந்தது. கொசோங் வரவேயில்லை.

"எண்ணேக்க வராத எண்," என்றேன். "சைபர். ஐந்நூற்றியிரண்டு."

இப்போது கதவின் இலக்கம் தெரியும். கட்டடம் மட்டும் தெரியாது.

முகாமையாளரை அழைத்தேன். அவர் மில்லிக்கனில் வீட்டு வாசலைத் திறக்க முடியாமல் இருந்தார். "பொலிசுக்குச் சொல்லியாச்சுதானே. அவங்கள் பார்ப்பாங்கள். கடையை மட்டும் பூட்டவேண்டாம்," என்றார். அந்த வேலையில் எனக்கு மாதம் நிறையாத காலம். "சரி," என்று சொல்லி வைத்துவிட்டு, தோழியைப் பார்த்தேன். அவள் அதற்குள் பிள்ளையின் காலில் தன் காலுறைகளை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். நான் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினேன்.

மேற்குக் கட்டடத்தைப் பராமரிப்பவர் எங்கட ஆள், யாழ்ப்பாணத்தவர். தினமும் காலையில் எங்கள் கடைக்கு வருவார். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வாசலில் பனி அள்ளிக்கொண்டு நின்றவர் எங்களைக் கண்டதும் சவளைக் குத்தி நிறுத்தினார்.

"என்ன பிள்ளை, கடையைப் பூட்டிப்போட்டு வாறியளோ? மேயர் ஆமியைக் கூப்பிடுறாராம், பனி அள்ள. கேள்விப்பட்டனீங்களோ? ஆமி வருது எண்ட உடன என்ர மனிசி கதவைப் பூட்டிப்போட்டாள்!"

"அண்ணை, உங்கட பில்டிங்கில அஞ்சாம் மாடி ரெண்டாம் நம்பரில ஆர் இருக்கினம்?"

என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. "ஐந்நூற்றியிரண்டோ? ஒரு கயானாக் கிழவி. பூனையளோட தனிய இருக்கிறா. ஏன்? உந்தப் பிள்ளை ஆர்ர?"

தோழியின் தோளில் கிடந்த பிள்ளையின் சட்டைக் கையைக் காட்டினேன். மிச்சத்தை நடந்துகொண்டே சொன்னேன். அவர் கேள்வி கேட்கவில்லை. சவளை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் பனியை வெட்டி வழி செய்துகொண்டு போனார்.

நடுக்கட்டடத்தில் லிப்ட் இரண்டில் ஒன்று பழுது. மற்றது மேலே எங்கேயோ நின்றுவிட்டது. படியால் ஏறினோம். கதவைத் தட்டியதும் உள்ளாடையோடு ஒருவர் வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிள்ளை அவரைக் கண்டு தோழியின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் படியால் இறங்கினோம். என் மனதில் ஓடியது ஒன்றுதான். அந்த மூன்று சொல்லும் வேறெதுவுமாக இருந்தால்? யாருடைய தொலைபேசி இலக்கத்தின் வாலோ, ஏதோ பாட்டின் வரியோ?

கிழக்குக் கட்டடத்தின் முன்கூடத்துக்குள் நுழைந்ததும் பிள்ளை தலையை நிமிர்த்தினாள். தோழியின் கையிலிருந்து வழுக்கி இறங்கி லிப்டுக்கு ஓடினாள். எட்டி எட்டிப் பொத்தானை அடித்தாள். லிப்டுக்குள் அவள் விரல் நேரே ஐந்துக்குப் போயிற்று. கதவு மூடியபோது அண்ணை, "முருகா," என்று மெல்லச் சொன்னது கேட்டது.

ஐந்நூற்றியிரண்டின் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை.

தாய் குளியலறைக்கும் நடைக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். முப்பது வயது இருக்கும். வயிறு பெரிதாக இருந்தது. நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்சம் இருப்பதுபோலத் தெரிந்தது. நடைக் கம்பளம் அவளைச் சுற்றி நனைந்து கறுத்திருந்தது. தொலைபேசி வரவேற்பறை மேசையில் இருந்தது. அவள் அதை நோக்கித் தவழ்ந்து வந்த தடம் தெரிந்தது.

கண் திறந்திருந்தது. பிள்ளையைக் கண்டதும் உதடு அசைந்தது.

நான் தொலைபேசியை எடுத்தேன். இந்தமுறை முகவரி சொல்ல முடிந்தது. மறுமுனையில் இருந்த ஆண், அம்புலன்ஸ் வெளிக்கிடுகிறது, ஆனால் சுணங்கும் என்றார். இடப்பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள், போர்த்துங்கள், குடிக்க ஒன்றும் கொடுக்கவேண்டாம். "எல்லாவற்றையும்விட, அவரை நித்திரையாக விடாதீர்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்."

அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாசலில வாகனம் ஏறாது, பிள்ளை. கீழ நாலு பேரைப் பிடிச்சு ரோட்டு மட்டும் வெட்டிவிடுறன். கெதியாச் செய்வம்." அவர் படியால் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

நாங்கள் கட்டிலில் இருந்த எல்லாப் போர்வைகளையும் இழுத்து வந்தோம். பிள்ளையை ஒரு போர்வையால் சுற்றி அறை வாசலில் இருத்தினேன். தோழி தரையில் இருந்து தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். அது ஈரத் துணிபோலக் குளிர்ந்திருந்தது.

பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள். எந்தப் பேச்சை? தோழி ஆங்கிலத்தில் பேசினாள், தன் மொழிகளில் பேசினாள். நான் தமிழில்கூடப் பேசினேன், "கண்ணை மூடாதேங்கோ அம்மா, வருகினம், வருகினம்" என்று. எங்கள் குரல்கள் அவளுக்கு வெறும் இரைச்சலாகத்தான் இருந்திருக்கும். இமைகள் சரிந்து சரிந்து மூடின.

தோழி அவள் கன்னத்தில் தட்டி, "லீமா!" என்றாள்.

கண் திறந்தது.

"லீமா," என்று மறுபடியும் சொல்லி, தாயின் கையை என்னிடமிருந்து வாங்கி, சுண்டு விரலைப் பிடித்தாள். பிள்ளை கடையில் எண்ணியதை நினைவில் தேடி, "சாத்து," என்றாள். நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு, காற்றுப்போல, "துவா," என்றது தாயின் வாய்.

"தீகா," என்றேன் நான். என் வாயில் அது எப்படி வந்ததோ தெரியாது. வாசலிலிருந்து பிள்ளை, "எம்பாட்," என்றாள். தாய், "லீமா," என்றாள்.

அப்படியே திரும்பவும் தொடங்கினோம். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. ஐந்துக்கு மேல் போகவில்லை. அதற்கு மேலே தோழிக்கும் எனக்கும் நினைவில்லை, அவளுக்கும் மூச்சில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவள் சொல்லவேண்டிய இடம் வரும்போது நாங்கள் வாயை மூடிக்கொண்டு அவள் உதட்டைப் பார்ப்போம். சில தரம் உடனே வரும். சில தரம் தோழி விரலைக் கிள்ள வேண்டியிருந்தது. தொலைபேசியில் இருந்தவர், "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். "எண்ணுறம்," என்றேன். "நல்லது, நிறுத்தவேண்டாம்," என்றார். தரைக் கம்பளத்தின் ஈரம் என் முழங்காலில் ஏறிக்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே, கீழே, சவள்கள் சுரண்டும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு பல.

ஒரு சுற்றில் அவளுடைய 'துவா' வரவில்லை. தோழி கிள்ளினாள். கன்னத்தில் அடித்தாள். "துவா! துவா!" என்று கத்தினாள். பிள்ளை போர்வையை உதறிவிட்டு ஓடிவந்து தாயின் காதுக்குள் ஏதோ சொன்னாள், கோபமாக. நான் தொலைபேசிக்குள் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

தாய் கண்ணைத் திறக்காமலே, "தீகா," என்றாள். எங்களை முந்திக்கொண்டு, தானே ஒன்றைத் தாண்டிச் சொன்னாள். தோழி அழுதுகொண்டே, "ஓம், ஓம், தீகா," என்றாள்.

அம்புலன்ஸ்காரர்கள் அதற்குக் கொஞ்சம் பிறகு வந்தார்கள். அவர்கள் கைக்கு அவள் போனதும் எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. சுவரோடு ஒட்டி நின்றோம். கீழே அண்ணையும் நாலைந்து பேரும் வியர்வையில் ஆவி பறக்க நின்றார்கள். வாசலிலிருந்து பெரிய வீதி வரை ஒரு வாகனம் போகுமளவுக்குத் தரை தெரிந்தது. பொலிஸ் பெண் ஒருத்தியும் வந்து சேர்ந்தாள். பிள்ளை தோழியை விடவில்லை என்பதால் இருவரையும் ஒன்றாகவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

நான் கடைக்குத் திரும்பினேன். ஏப்ரனைக் கழற்றி ஒரு பையில் கட்டினேன். கருகிய கோப்பிப் பாத்திரத்தை உரஞ்சிக் கழுவினேன். பின்னேரம் தோழி அழைத்தாள். தாய் பிழைத்துவிட்டாள் என்றாள்.

"வயிற்றில இருந்த பிள்ளை?" என்றேன்.

"ஆம்பிளைப்பிள்ளை. வயிற்றுக்குள்ளேயே முடிஞ்சுபோச்சுதாம்."

இரண்டு நாள் கழித்துத் தோழியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாயின் கணவன் அன்று காலைதான் வந்து சேர்ந்திருந்தான். நெடுந்தூர லொறி ஓட்டுபவன். வடக்கே மூடிய நெடுஞ்சாலையில் அகப்பட்டு நின்றிருக்கிறான். அவர்கள் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. லொறிக்கு முன்னால் கப்பலில் வேலை செய்தவன் என்பதால் ஆங்கிலம் பேசினான். குட்டையான, அகலமான மனிதன். நித்திரையில்லாத கண்கள். எங்கள் இருவரின் கையையும் மாறிமாறிப் பிடித்துக் குலுக்கினான்.

அறைக்கு வெளியே, நடையில், தோழி அவனிடம் சொன்னாள். "நான் நேரத்தை வீணாக்கிப்போட்டன். உங்கட மகள் 'லீமா' எண்டு சொன்ன உடன, எங்கட பிள்ளை எண்டு நினைச்சு வேற வீட்டுக்கு ஓடினன். நேர உங்கட வீட்டுக்கு வந்திருந்தால்..."

அவள் முடிக்கவில்லை. இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். நான் எவ்வளவோ சொல்லியிருந்தேன். அவளை அது தொடவேயில்லை.

"டொக்டரிட்ட கேட்டனான்," என்றான். "மனிசி விழேக்கையே பிள்ளை போயிருக்கும் எண்டு சொல்லுறார். உண்மையோ, எனக்காகச் சொல்லுறாரோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, கேட்டான். "உங்கட ஊரிலயும் லீமாதானோ?"

தோழி தலையாட்டினாள்.

"கப்பலில ஒரு சமோவாக்காரன் இருந்தான். அவனுக்கும் லீமா. மடகஸ்காரில இருந்து ஒருத்தன் வந்தான், ஆபிரிக்காப் பக்கம். அவன் 'டீமி' எண்டான். நாங்கள் சாப்பாட்டு மேசையில இருந்து எண்ணிப் பார்த்துச் சிரிப்பம். இடையில அவ்வளவு கடல் கிடக்கு. என்னெண்டு இந்தச் சொல் போச்சு எண்டு ஆருக்கும் தெரியேல்லை." தன் கையை விரித்துப் பார்த்தான். "சுலாவேசியில என்ர கிராமத்துப் பேச்சில கையைச் சொல்லுறதும் லீமாதான்."

தோழி நிமிர்ந்தாள். "எங்கட பேச்சில கை 'ஈமா'," என்றாள்.

அவன் அவளை நன்றாகப் பார்த்தான். "அப்ப நீங்கள் எங்கட பிள்ளை எண்டு நினைச்சதில என்ன பிழை?" என்றான்.

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். அவனும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு இடமில்லை என்று தோன்றியது. நான் அறைக்குள் போய்த் தாயின் பக்கத்தில் இருந்தேன். அவள் வெளிறி, மிகச் சின்னவளாகத் தெரிந்தாள். என்னை அடையாளம் காண அவளுக்கு நேரம் எடுத்தது. பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, நான் சொன்ன மாதிரியே, என்னுடைய தமிழ் நாக்கில் புரண்ட 'தீகா'வைச் சொல்லிக் காட்டினாள். அவள் முகத்தில் சிரிப்பின் ஒரு சின்னத் தொடக்கம் இருந்தது. அது முழுதாவதற்குள் உடைந்துவிட்டது. நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன். வேறு செய்ய ஒன்றுமில்லை.

கடையைப் பூட்டியதற்கு முகாமையாளர் எங்களைத் திட்டினார். ஆனால் விலக்கவில்லை. தோழி அந்த வசந்தத்தில் தானாகவே விட்டுவிட்டு முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் கிழக்குக் கட்டடத்துக்குப் போய்வந்தாள். தாயும் அவளும் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கேட்டேன். "சமைக்கிறம்," என்றாள். பிறகு அந்தக் குடும்பம் விட்பிக்கு மாறிப்போயிற்று. புது வீடுகள் எழுந்துகொண்டிருந்த இடம். அவனுடைய லொறிக் கம்பனி அந்தப் பக்கம்.

அடுத்த ஆண்டின் கடைசியில் அவன் தொலைபேசியில் அழைத்தான். பெண் பிள்ளை, சுகம் என்றான். அவ்வளவுதான். அவள் மறுபடியும் வயிற்றோடு இருந்த மாதங்களெல்லாம் தோழியும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே பயந்துகொண்டிருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை இருவரும் ரெயில் ஏறி விட்பிக்குப் போனோம்.

தாய் கதிரையில் இருந்தாள். மூத்தவள் பள்ளிக்கூடத்தில் பழகிய ஆங்கிலத்தில் எங்களுக்கு உத்தரவு போட்டாள். கை கழுவுங்கள், இங்கே இருங்கள், சத்தம் போடாதீர்கள் என்று. தோழி குழந்தையை வாங்கி மணந்து பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை. அந்த நடைக் கம்பளத்தின் ஈரம் முழங்காலில் இருப்பதுபோல இருந்தது.

தாய் எழுந்து வந்தாள். குழந்தையைத் தோழியிடமிருந்து எடுத்து, என் கையை வளைத்து, அதற்குள் தானே வைத்தாள். வைத்துவிட்டுத் தன் கையை உடனே எடுத்துவிடவில்லை. குழந்தை கொட்டாவி விட்டது. எதிர்பார்த்ததைவிடப் பாரமாக இருந்தது.